வாட்டம் பார்க்காமல் பக்கெட் வாங்காதீர்கள்: மொட்டை மாடி ஒழுகலைச் சரிசெய்யும் முறை

ஐப்பசியில் சீலிங்கில் ஈரம் தெரியும், கார்த்திகையில் பெயின்ட் உரியும், தை பிறந்ததும் 20 லிட்டர் வாட்டர்ப்ரூஃப் பக்கெட் ஒன்றை வாங்கி மாடி முழுக்க அடித்துவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் அதே மூலையில் அதே ஈரம். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த இடத்தில் உள்ளே இறங்குகிறது என்று பார்க்காமல் பூசினால் எவ்வளவு விலை உயர்ந்த பூச்சும் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது.

முதலில், அது மாடித் தண்ணீர்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சித்திரை வெயிலிலும் ஈரம் காயவில்லை என்றால் மேல்நிலைத் தொட்டியின் குழாயையோ மாடி பாத்ரூமையோதான் சந்தேகிக்க வேண்டும். மழை பெய்து சில மணி நேரத்திலோ மறுநாளோ ஈரம் வந்து, மழை விட்டபின் மெல்லக் காய்ந்தால் அது தளத்தின் வேலை. ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்து அங்கே மட்டும் உடைப்பது வீண். மாடியில் மேலே பதித்த தட்டையான ஓட்டுக்கு, அதாவது தட்டோட்டுக்கு, அடியில் இறங்கிய தண்ணீர் அதன் கீழுள்ள சுண்ணாம்பு ஜல்லிக்குள் பரவி, கான்கிரீட்டில் விரிசல் கிடைக்கிற இடத்தில்தான் கீழே சொட்டும். நுழைந்த இடம் பத்தடி தள்ளிக்கூட இருக்கலாம்.

நுழையும் இடத்தைக் கண்டுபிடிக்க மாடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்துத் தண்ணீர் கட்டிப் பாருங்கள். சிமென்ட் கலவையாலோ களிமண்ணாலோ மூன்று அங்குல உயரத்துக்கு வரப்பு போட்டு, அந்தப் பாத்தியில் குழாய் வாய் இருந்தால் பாலித்தீன் சுற்றிய துணிப் பந்தால் அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடவேண்டும். ஈரம் தெரியாவிட்டால் அடுத்த பாத்தி. கைப்பிடிச் சுவரை ஒட்டிய பாத்திகளையும் குழாய் வாயைச் சுற்றிய பாத்தியையும் கடைசியில் தனியாகச் சோதியுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் சதுர மீட்டருக்கு 50 கிலோ எடை. நல்ல நிலையில் உள்ள தளம் தாங்கும். ஆனால் கீழே காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிற வீட்டில் இந்தச் சோதனையே வேண்டாம். அங்கே முதலில் வரவேண்டியவர் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர்.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் குழாயை நோக்கி ஓடத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவு. பெரும்பாலான ஒழுகலுக்கு வேர் இங்கேதான். நூறுக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம், எண்பதுக்கு ஒன்று என்றால் நிம்மதி. பத்தடி நீளத்துக்கு 1.2 முதல் 1.5 அங்குலம் இறக்கம் என்று கொத்தனாரிடம் சொன்னால் புரியும். முப்பதடி தள்ளி ஒரே மூலையில் ஒரே குழாய் வைத்த மாடிக்கு மூன்றரை அங்குலத்துக்கு மேல் இறக்கம் தேவைப்படும். அதை யாரும் கொடுப்பதில்லை, அதனால் நடுவில் குட்டை நிற்கும். மழை நின்று ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குப் போய், தண்ணீர் தேங்கிய இடங்களைச் சாக்பீஸால் சுற்றி வரைந்து வையுங்கள். அதைவிட நல்ல வரைபடம் கிடையாது. வேலை நடக்கும்போது ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், தண்ணீர் நிரப்பிய டியூப் பிடித்து நான்கு மூலை, நடு, குழாய் வாய் என ஒவ்வொன்றையும் அளக்கச் சொல்லுங்கள்.

குழாய் எண்ணிக்கையும் கணக்கில் வரும். மணிக்கு 100 மி.மீ. மழை என்று வைத்தால், 4 அங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டர் தளத்துக்குத்தான் போதும். அதாவது 430 சதுர அடி. ஆயிரம் சதுர அடி மாடிக்கு மூன்று குழாய் வேண்டும். பல வீடுகளில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும், அதிலும் 3 அங்குலக் குழாய். குழாய் வாயைச் சுற்றி ஒன்றரை அடிச் சதுரத்தைத் தளத்தைவிடச் சற்றுத் தாழ்வாகப் பள்ளமாக்கி, பூச்சைக் குழாயின் உள்வாய் வரை இரண்டு அங்குலம் இறக்கி முடிக்க வேண்டும். தளம் வரை பூசிவிட்டுக் குழாயோடு சேரும் விளிம்பை விட்டுவிடுவதால், பிவிசி சுருங்கி விரியும்போது அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்குகிறது.

அடுத்தது கைப்பிடிச் சுவரின் அடி. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் கான்கிரீட் தளமும் அதன்மேல் கட்டிய செங்கல் சுவரும் ஒரே அளவில் அசைவதில்லை. அதனால் சுவரின் அடியில் கிடைமட்டமாக நீண்ட விரிசல் விழும். இதைச் சிமென்ட் பாலால் அடைத்தால் அடுத்த கோடையிலேயே திறந்துகொள்ளும். விரிசலை 10 மி.மீ. அகலமும் 10 மி.மீ. ஆழமும் வருமாறு வெட்டி, தூசியை ஊதி, பாலியூரித்தேன் சீலன்ட் போன்று ரப்பர்போல இழுபடும் பொருளால் நிரப்ப வேண்டும். அதன்மேல் தளமும் சுவரும் சேரும் கோணத்தில் இரண்டுக்கு இரண்டு அங்குலச் சாய்வாகக் கலவை வைத்து வளைத்துவிடுங்கள். பூச்சு அந்த வளைவின் மேலேறிச் சுவரில் ஓரடி உயரம் வரை போகவேண்டும், மூலைகளில் கண்ணாடி இழை வலை பதிந்திருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலையையும் மறக்காதீர்கள். தட்டையாக விட்ட தலையில் தண்ணீர் நின்று செங்கலுக்குள் இறங்கும். அதை மாடிப் பக்கம் சாய்த்துப் பூச வேண்டும்.

கான்கிரீட்டின் மேல் போடும் நம் ஊர்ச் சுருக்கித் தளம் இன்றைக்கும் நல்ல முறைதான். 20 மி.மீ. செங்கல் ஜல்லி 32 பங்குக்கு நீற்றிய சுண்ணாம்பு 12½ பங்கு, மணலே கிடையாது. சராசரி மூன்று அங்குலக் கனம், மரக்கட்டையால் அடித்து இறுக்கி, நனைத்துக் காப்பாற்ற வேண்டும். மேலே ஒன்பதுக்கு ஒன்பது அங்குலத் தட்டோடு, ஒன்றுக்கு மூன்று சிமென்ட் கலவையில். இந்தத் தளம் கெட்டுப்போக மூன்று காரணங்கள் இருக்கின்றன: சரியாக நீறாத சுண்ணாம்புக் கட்டி பின்னால் ஈரம் பட்டு உப்பித் தட்டோட்டைத் தூக்குவது, ஆள் கூலி மிச்சம் பிடிக்க அடிப்பதைப் பாதியில் நிறுத்துவது, தட்டோட்டின் இணைப்பு வாய்கள் தேய்ந்தும் பார்க்காமல் விடுவது. மூன்றாவது மட்டும் என்றால் முழுத் தளத்தையும் பெயர்க்க வேண்டாம். இணைப்புகளைச் சுரண்டி, வாட்டர்ப்ரூஃப் கலந்த ஒன்றுக்கு மூன்று கலவையால் திரும்பப் பாய்ன்டிங் செய்து, விரிசல் விட்ட ஓடுகளை மட்டும் மாற்றினால் போதும்.

பழைய சுருக்கியின் மேலேயே இன்னொரு தளம் போடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று அங்குலச் சுருக்கி சதுர மீட்டருக்குச் சுமார் 140 கிலோ. ஆயிரம் சதுர அடி என்றால் 13 டன். வீட்டைக் கட்டியவர் கணக்கில் வைக்காத 13 டன். அதோடு அடியில் தண்ணீர் குடித்துக் கிடக்கும் பழைய சுண்ணாம்பு வெளியேற வழியில்லாமல் கீழ்நோக்கியே கசியும். கால் வைத்தால் சதசதவென்று இருந்தால், தட்டும்போது உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் பரவலாகப் பொள்ளல் சத்தம் வந்தால், கான்கிரீட் வரை பெயர்த்தெடுப்பதே சரி. பெயர்க்கும்போது பெரிய பிரேக்கர் மெஷின் வேண்டாம், உளியும் சுத்தியலும் போதும்; அதிர்ச்சியில் நல்ல கான்கிரீட்டும் விரிசல் விடும். பாசியைக் கழுவ ஆசிட் ஊற்றுவதும் கூடாது. அது விரிசல் வழியே இறங்கிக் கம்பியைத் தின்னும். கம்பி பிரஷ்ஷும் தண்ணீர் பிரஷரும் போதும்.

பூச்சு வகையைப் பொறுத்துத் தளத்தின் ஈரமும் மாறவேண்டும், இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பவுடரும் பால்போன்ற திரவமும் கலக்கும் இருபாகச் சிமென்ட் பூச்சுக்குத் தளம் நனைந்து, ஆனால் தண்ணீர் நிற்காமல் இருக்க வேண்டும். காய்ந்த தளம் பூச்சிலுள்ள நீரை உறிஞ்சிப் பொடியாக்கிவிடும். அக்ரிலிக், பாலியூரித்தேன் பூச்சுகளுக்கோ தளம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆவி மேலே தள்ளிக் கொப்புளம் கட்டும். சோதனை எளிது: ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தளத்தில் 16 மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது அடியில் வியர்த்திருந்தால் பூசாதீர்கள்.

இரண்டு கோட்டிங்கையும் ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்க வேண்டும். அளவை நீங்களே கணக்குப் போடுங்கள். பக்கெட்டில் சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும். இரண்டு கோட்டிங்குக்கும் சேர்த்து ஒரு லிட்டர் என்று இருந்தால் ஆயிரம் சதுர அடிக்கு 93 லிட்டர், ஐந்து பக்கெட். கான்ட்ராக்டர் இரண்டு பக்கெட்டோடு வந்தால், தண்ணீர் கலந்து நீட்டப் போகிறார் என்று அர்த்தம். காலிப் பக்கெட்டுகளை வேலை முடியும்வரை உங்கள் வீட்டிலேயே வைத்து எண்ணிப் பாருங்கள்.

சிமென்ட் பூச்சை அப்படியே வெயிலில் விடக்கூடாது. மேலே காப்பாக ஓடோ கலவைத் தளமோ வேண்டும். வெள்ளைக் கூலிங் டைல்ஸ் போடுகிறீர்கள் என்றால் டைல்ஸுக்கு டைல்ஸ் 3 மி.மீ. இடைவெளி, சுமார் பத்தடிக்கு ஒருமுறை இரு திசையிலும் சீலன்ட் நிரப்பிய விரிவு இணைப்பு, கைப்பிடிச் சுவரை ஒட்டி 10 மி.மீ. இடம். இடைவெளியின்றி ஒட்டிய டைல்ஸ் மே மாத மதியத்தில் கூடாரம்போல் எழும்பும்.

சோலார் ஸ்டாண்டு, ஏசி அவுட்டோர், துணி உலர்த்தும் கம்பம் எல்லாவற்றுக்கும் இடத்தை இந்த வேலைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். கான்கிரீட்டில் சிறு மேடை கட்டி, அதைச் சுற்றியும் சாய்வு வளைவு கொடுத்துப் பூச்சை மேடையின் பக்கங்களில் ஏற்றுங்கள். நல்ல தளத்தில் பிறகு ஒருவர் ட்ரில் போட்டு நான்கு ஆங்கர் இறக்கினால் பட்ட பாடெல்லாம் வீண்.

காலம் மாசியிலிருந்து வைகாசி வரை. கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதிகளில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும் என்பதால் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அக்னி நட்சத்திர வெயிலில் காலை 10 மணிக்குள்ளும் மாலை 4 மணிக்குப் பிறகும் மட்டும் பூசவேண்டும். கொதிக்கும் தளத்தில் பூச்சு ஊசித் துளைகளோடு காயும். பூச்சு முழுதாக இறுகியபின், அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் மறுபடியும் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பாருங்கள். கடைசித் தவணைப் பணம் அதற்குப் பிறகு.

கீழே சீலிங்குக்கு அவசரப்படாதீர்கள். மேலே சரியானதும் உள்ளே குடித்த ஈரம் வெளியேற ஆறு வாரமாவது ஆகும். அதற்கு முன் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தால் உப்புப் பூத்து உரியும், தளம் இன்னும் ஒழுகுகிறது என்று வீணாகச் சந்தேகம் வரும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்து, பொள்ளல் சத்தம் வரும் பூச்சை எல்லாம் முதலில் தட்டிவிடுங்கள். அது தூங்குகிறவர் தலையில் விழக்கூடாது. துரு ஏறிய கம்பி தெரிந்தால் அதன் பின்பக்கம் வரை காரையைச் சுரண்டி, பிரஷ் போட்டுப் பளபளக்கும்வரை தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடவேண்டும். கம்பி மெலிந்திருந்தால் மூடாமல் எஞ்சினியரைக் கூப்பிடுங்கள்.