வேதியியல் பயிற்றுப்பணிக்குப் போகிறீர்களா? முதல் ஆய்வுக்கூட வகுப்புக்குத் தண்ணீர் போதும்

ஆசிரியர் பயிற்சியில் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தும் பயிற்றுப்பணியின் முடிவு வந்துவிட்டது. ஏ மைனஸ். நடுவில் ஒரு சமயம், பி வந்தாலே பினாங்குத் தண்ணீர்மலை முருகனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது தேங்காய் பாக்கி. அந்த நிம்மதியில் எழுதுகிறேன். கொஞ்சம் எரிச்சலும் கலந்துதான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாள் பாடத்திட்டம் எழுதுவது, கோப்பு அடுக்குவது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தொடவில்லை. படிவம் நான்கு (பதினாறு வயதுப் பிள்ளைகள்) வேதியியல் கிடைத்து, வகுப்பைப் பார்த்துப் புள்ளி போடும் மேற்பார்வை ஆய்வுக்கூடத்தில் வரப்போகிறது என்று வயிற்றைக் கலக்கிக்கொண்டிருப்பவர்களுக்கு மட்டும் இது.

என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று. எந்தக் கருவியாக இருந்தாலும் முதல் தடவை வெறும் தண்ணீரில் செய்ய வைப்பது. அமிலம் கிடையாது, காரம் கிடையாது, தீ கிடையாது. ஓர் இரட்டைப் பாடவேளை முழுக்கத் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு உணவுச் சாயம். இரசாயனப் புட்டி அடுத்த வகுப்பில்தான் அலமாரியை விட்டு வெளியே வரும்.

பாடநூலில் பாதுகாப்பு முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறது. கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயான பியூரெட்டைக் கையில் எடுப்பதோ அமிலம், காரம், உப்பு வரும்போது, ஆறாவது அத்தியாயத்தில். இடையில் மாதக்கணக்கு ஓடிவிடும். அன்று எழுதிய விதிகளில் ஓடாதே, சாப்பிடாதே தவிர வேறெதுவும் பிள்ளைகளிடம் மிச்சமிருக்காது. சுவரில் அதே விதிகள் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆகவே பாதுகாப்பை ஒரு தலைப்பாக நடத்தி முடித்துவிடாதீர்கள். அந்தந்தக் கருவியோடு, அந்தந்த வாரத்தில் சொல்லிக்கொடுங்கள்.

தண்ணீர் வகுப்பில் என்னவெல்லாம் வெளியே வரும் தெரியுமா? பியூரெட்டைத் தாங்கியில் மாட்டி மேசைமேல் வைத்துவிட்டு, எட்டாத உயரத்துக்குக் கையைத் தூக்கி, தே தாரிக் ஆற்றுவதுபோல் ஊற்றுகிறார்கள். அது அமிலமாக இருந்தால் நேரே முகத்துக்கு. தாங்கியைத் தரையில் இறக்கி, புனலின் வாய் கண்மட்டத்துக்குக் கீழே வந்த பிறகே ஊற்ற வேண்டும். குறித்த அளவுக் கரைசலை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டில் ரப்பர் ஃபில்லரை (உறிஞ்சும் குமிழை) மாட்டும்போது ஒரு கை ஃபில்லரில் இருக்கும், மறு கை பிப்பெட்டின் வயிற்றில் இருக்கும். அப்படியே அழுத்தினால் குழாய் ஒடிந்து உள்ளங்கையில் ஏறும். மேல் நுனிக்குப் பக்கத்தில் பிடித்து, மெதுவாகத் திருகி ஏற்றச் சொல்லுங்கள். பிப்பெட் நுனியில் தங்கும் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளுவார்கள். அது அங்கேயே இருக்கட்டும், 25 மில்லிலிட்டர் குறியே அதைக் கழித்துத்தான் போடப்பட்டிருக்கிறது. புனலை எடுக்காமலே அளவு பார்ப்பார்கள், பிறகு அதிலிருந்து சொட்டு விழுந்து கணக்கு கெடும். பியூரெட்டையும் பிப்பெட்டையும் கரைசலால் அலசச் சொன்னால் கூம்புக் குடுவையையும் சேர்த்து அலசிவிடுவார்கள். குடுவைக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான்.

இத்தனையும் தண்ணீரில் நடந்தால் துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம்.

"வெறும் தண்ணிதானே டீச்சர், கண்ணாடி எதுக்கு?" என்று ஒருவன் கேட்பான், எல்லா வகுப்பிலும் ஒருவன் இருக்கிறான். தண்ணீருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, மேலங்கி, கையுறை உண்டு. கையுறை போட்ட விரலால் பியூரெட்டின் திருகைச் சொட்டுச் சொட்டாகத் திறப்பது எவ்வளவு சிரமம் என்று அவனையே செய்துபார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

மேற்பார்வையாளர், "இதில் வேதியியல் எங்கே?" என்று கேட்பார். என்னிடம் கேட்டார். பதில் பாடத்திட்டத்திலேயே இருக்க வேண்டும். நோக்கத்தில் பாதுகாப்பு என்று மட்டும் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அளவீட்டின் துல்லியம் என்று போடுங்கள். குடுவையில் மார்க்கரால் ஒரு கோடு கிழித்துக் கொடுத்து, பியூரெட்டிலிருந்து அந்தக் கோடு வரை விடச் சொல்லுங்கள். தொடக்க அளவு, இறுதி அளவு, கழித்து வந்தது. திரும்பச் செய்து ஒத்துவருகிறதா என்று பார்க்கட்டும். பியூரெட்டின் சிறிய பிரிவு 0.1 மில்லிலிட்டர், நாம் படிப்பது 0.05 வரை. அப்படியானால் இரண்டாவது தசமத்தில் 0 அல்லது 5தான் வரும். 23.47 என்று எழுதிய குழுவை வெண்பலகைக்கு அழைத்து அந்த 7 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உங்கள் உயர்நிலைச் சிந்தனைக் கேள்வி அங்கேயே கிடைத்துவிடும். படிவம் ஐந்து முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வின் மூன்றாம் தாளான செய்முறைத் தேர்வுக்கும் அதே பழக்கம்தான் வேண்டும்.

இப்போது எரிச்சல். ஆரம்பத்தில் வந்த மேற்பார்வையில் பிள்ளைகள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். "வகுப்பில் உயிர் இல்லை" என்று மேற்பார்வையாளர் எழுதிவிட்டுப் போனார். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடிக் குழாய். அங்கே உயிர் இல்லாதது மாதிரி இருந்தால்தான் எல்லாருக்கும் உயிர் இருக்கும் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எனக்குக் கலகலப்பு வராது. பாட்டு, கைதட்டல், சுவரெல்லாம் ஓட்டம் எதுவும் என் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு வருமென்றால் வகுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆய்வுக்கூடத்தில் வேண்டாம். ஆனால் மேற்பார்வையாளர் நிரப்பும் படிவத்தில் 21ஆம் நூற்றாண்டுக் கற்றல் (பிள்ளைகளே குழுவாகப் பங்கெடுப்பது) என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதற்கு என்ன செய்வது? ஒவ்வொரு குழுவிலும் ஒருவரைக் கருவியைத் தொடாத கண்காணியாக நிறுத்தினேன். கையில் ஓர் அட்டை. யார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், யார் நின்றுகொண்டு செய்யாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார், எல்லாம் குறிக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாறும். கடைசியில் கண்காணிகள் மட்டும் பேசுவார்கள். ஆசிரியர் சொன்னால் முறைக்கிற பிள்ளை, நண்பன் சொன்னால் அசடு வழிந்துகொண்டு சரிசெய்கிறான். அடுத்த மேற்பார்வையில் அதே மனிதர் "மாணவர் ஈடுபாடு மிக நன்று" என்று எழுதினார். சத்தம் அன்றும் இல்லை.

புன்சன் அடுப்புக்கும் இதே வழி. முதலில் வாயு இணைக்காமல் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். காற்றுத் துளையைத் திருப்பி மூடட்டும், திறக்கட்டும். பிறகு வரிசையை வாயால் சொல்லிக்கொண்டே வெறும் கையால் நடிக்கட்டும்: துளையை மூடு, லைட்டரைப் பற்றவை, அதற்கப்புறம் வாயு. வாயுவைத் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடுகிறவன் யார் என்று அப்போதே தெரிந்துவிடும். துளை அகலத் திறந்து வாயு குறைவாக வந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கி அடியில் எரியும். உஸ் என்று சத்தம் கேட்கும், குழாய் கொதிக்கும். தொடாமல் வாயுவை அடைத்து ஆறவிட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேலை இல்லாத நேரத்தில் சுடர் மஞ்சளாகவே நிற்கட்டும். வெளிச்சத்தில் நீலச் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கை உள்ளே போய்விடும்.

ஃபேன் விஷயம் யாரும் சொல்லித் தருவதில்லை. ஃபேன் ஓடினால் சுடர் சாய்ந்து ஆடும், பக்கத்துப் பிள்ளையின் துடோங் (தலைத்துணி) பக்கமும் போகும். அடைத்தால் பினாங்கு வெயிலில் பத்து நிமிடத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும், கண்ணாடி வியர்வையில் மங்கும், உடனே கழற்றுவார்கள். ஆகவே தீ உள்ள பகுதியை ஒரே மூச்சில் குறுகிய நேரத்தில் முடிக்குமாறு பாடத்தைப் பிரியுங்கள். விளக்கம், அட்டவணை, கணக்கு எல்லாம் ஃபேன் ஓடும் நேரத்தில்.

பீடிகைக்கு, அதாவது பாடத்தைத் தொடங்கிவைக்க, நான் புன்சனையே எடுத்துக்கொண்டேன். 1855 வாக்கில் ஹைடல்பெர்க்கில், கருவி செய்யும் பீட்டர் டெசாகாவோடு சேர்ந்து இந்த அடுப்பை உருவாக்கிய ராபர்ட் புன்சன், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கக்கோடில் சயனைடு என்ற நச்சுப் பொருள் வெடித்ததில் வலது கண் பார்வையை இழந்தவர். ஒரு நிமிடம்தான் சொன்னேன். அதற்குமேல் எதுவும் சேர்க்காமல் பாதுகாப்புக் கண்ணாடிகள் இருந்த பெட்டியைத் திறந்து வரிசையாகக் கொடுத்தேன்.

யூடியூபில் பார்த்த வானவில் தீயைப் பீடிகையாகச் செய்யலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டில் உப்பை வைத்து மெத்தனால் ஊற்றிக் கொளுத்துவது. 2014 ஜனவரியில் நியூயார்க்கில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர் இதில் கடுமையாக வெந்துபோனார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அமெரிக்க இரசாயனப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றி எச்சரித்துக் காணொளியே வெளியிட்டிருந்தது. சுடர் நிறம் காட்டியே ஆக வேண்டுமென்றால் உப்புக் கரைசலில் ஊறிய மரக்குச்சியைப் புன்சன் சுடரில் காட்டுங்கள். அதே நிறங்கள்தான்.

முதல் நாளே பார்த்துவைக்க வேண்டியவை, வரிசை முக்கியமில்லை:

– கண் கழுவும் குழாய். திறந்து, துருநிறம் போகும்வரை ஓடவிடுங்கள். பல இடங்களில் யாரும் தொட்டே இருக்க மாட்டார்கள்.
– மணல் வாளி. மிட்டாய்த் தாளும் பென்சில் சீவலும் பொறுக்கி எடுத்தேன்.
– தீயணைப்பான். போம்பா (தீயணைப்புத் துறை) ஒட்டுத்தாளில் தேதி.
– வாயுவின் பிரதான அடைப்பு. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் சேர்த்து.
– பழைய புட்டிகள். சிலவற்றில் ஆரஞ்சுச் சதுரக் குறி, புதியவற்றில் சிவப்பு ஓரமிட்ட வைர வடிவம். 2013இல் வந்த விதிமுறைக்குப் பிறகு நம் நாட்டில் இரண்டாவதுதான். பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள்.
– கரைசல் கேட்டு எழுதும் சீட்டு. செறிவு, ஒரு குழுவுக்கு எவ்வளவு, அலசுவதற்கும் சேர்த்து.
– ஆய்வுக்கூட உதவியாளர். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாவது நட்பாகிவிடுங்கள். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்வது அவர் வேலை, பிள்ளைகள் பக்கத்திலேயே வரக் கூடாது. அமிலத்தைத் தண்ணீரில் ஊற்றுவதா, தண்ணீரை அமிலத்தில் ஊற்றுவதா என்பது தேர்வில் எழுதத் தெரிந்தால் போதும்.

பிள்ளைகளுக்கு அமிலத்தின்மேல் இருக்கும் பயம் காரத்தின்மேல் இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடை சவர்க்காரத் தண்ணீர் கணக்காக நினைக்கிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை காரம்தான் பொல்லாதது, திசுவைக் கரைத்து உள்ளே இறங்கிக்கொண்டே போகும். தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும். அந்த 15 நிமிடத்தைச் சொல்லால் விளங்க வைக்க முடியாது. ஒருத்தியைக் குழாயடியில் குனிந்து நிற்கச் சொல்லி, மற்றவர்கள் வேலையைத் தொடர, நேரம் பார்த்தேன். பாதியிலேயே "போதுமா டீச்சர்?" என்று கேட்டாள். மொத்த வகுப்புக்கும் அது பதிந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வசதி உண்டு. பாயான் லெப்பாஸ், பிறை தொழிற்சாலைகளில் வேலை செய்யாத குடும்பம் குறைவு. பாதுகாப்புக் காலணி வாசலிலேயே கிடக்கும், அப்பா கையுறையை வீட்டுக்கே கொண்டுவந்து தோட்ட வேலைக்குப் போட்டுக்கொள்வார். அம்மா வேலைக்குப் போகும்போது என்ன அணிகிறார், ஏன் என்று கேட்டுவரச் சொன்னேன். பாடநூலின் அந்த ஒன்றரைப் பக்கம் தானாக நடந்து முடிந்தது. பின்வரிசையில் எப்போதும் தூங்குகிற பையன்தான் அன்று அதிகம் பேசினான்.

கையில் கட்டும் சாமிக் கயிறு பற்றியும் சொல்ல வேண்டும். நுனி தொங்கினால் தீயில் படும், அமிலத்தில் நனையும். அவிழ்க்கச் சொல்லாதீர்கள், வீட்டில் பிரச்சினையாகும். நுனியைச் சுருட்டிக் கையுறைக்குள் விடச் சொன்னால் போதும். துடோங் நுனி மேலங்கிக்குள், நீள முடி கொண்டைக்குள். துணிக் காலணி அமிலத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பதையும் சொல்லுங்கள், காலணி விதியை நாம் மாற்ற முடியாது.

கழிவை அவசரமாக நடத்தாதீர்கள். பிஎச் (அமில, கார அளவு) 5க்குக் கீழும் 9க்கு மேலும் உள்ளதைத் தொட்டியில் ஊற்றக் கூடாது என்று பாடநூல் சொல்கிறது, பிள்ளைகள் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். 2019 மார்ச்சில் ஜொகூர் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் கொட்டிய இரசாயனத்தால் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனதும், 111 பள்ளிகளை மூடியதும் அவர்களுக்கு அரைகுறையாக நினைவிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு, பெயர் ஒட்டிய கழிவுப் புட்டியை மேசைமேல் வையுங்கள். சோடியத்தை பாரபின் எண்ணெயில் வைப்பது போன்றவை ஐந்து நிமிட வேலை, அவர்களே படித்துக்கொள்வார்கள்.

கடைசிப் பத்து நிமிடம் துப்புரவுக்கு. மேற்பார்வையாளர் அதற்குள் கிளம்பிவிடுவார் என்று நினைத்து அவசரப்படாதீர்கள், என்னுடையவர் பியூரெட்டைக் கவிழ்த்து, திருகைத் திறந்து மாட்டுகிறார்களா என்று நின்று பார்த்தார்.

புள்ளிப் படிவத்தில் பாதுகாப்புக்கென்று தனிக் கட்டம் கிடையாது. என் எரிச்சலில் பாதி அதுதான். ஆகவே பாடம் எப்படி நடந்தது என்று எழுதும் சிந்தனை மீட்சிப் பகுதியில் நீங்களே எழுதுங்கள்: எந்தக் கருவியில் எத்தனை பேர் தடுமாறினார்கள், என்ன உடைந்தது, தண்ணீர் வகுப்புக்குப் பிறகு அது எவ்வளவு குறைந்தது. கண்காணி அட்டைகளையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள். நேர்காணலில் அவற்றைத்தான் புரட்டிப் பார்த்தார்கள்.