மாத்திரை தொடங்கிய பிறகும் மோசமாகலாம்: மூளை டிபி

மூளை டிபிக்கு மாத்திரை ஆரம்பித்த பிறகு ஆள் முன்னைவிட மோசமானால், "இந்த மாத்திரை ஒத்துக்கல, நிறுத்திடலாம்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்கள். சித்தப்பா மகன் படுத்திருந்தபோது எங்கள் வீட்டில் சொன்னது பெரிய அத்தை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. தலைவலி, விட்டுவிட்டுக் காய்ச்சல், வாந்தி என்று நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போனவன், மாத்திரை தொடங்கிய பிறகு ஒரு கண் மூக்குப் பக்கம் திரும்பி, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றான், அப்புறம் எழுப்பினாலும் எழாத தூக்கம். பார்ப்பவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

இருமல் அவனுக்கு இல்லவே இல்லை. கிருமி நுரையீரல் வழியாக உள்ளே வந்து, ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், சின்னக் கட்டியாக ரொம்ப நாள் சும்மா இருக்கலாம். அந்தக் கட்டி உடைந்து மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலக்கும்போதுதான் நோய் வெளியே தெரிகிறது. 1933-லேயே ரிச், மெக்கார்டாக் என்ற இருவர், இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து இதை எழுதிவிட்டார்கள்.

உடைந்த பிறகு மூளையின் அடிப்பக்கம் கோந்து மாதிரி கெட்டியான கசிவு படிகிறது, பெரும்பாலான சிக்கல்கள் அங்கிருந்துதான் வருகின்றன. மூளைநீர் ஓடும் வழியை அது அடைத்தால் நீர் தேங்கி தலைக்குள் அழுத்தம் ஏறும். பக்கத்தில் இருக்கும் ரத்தக்குழாய்களைச் சூழ்ந்தால் அவை வீங்கி அடைபட்டு, சின்ன வயசுக்காரருக்கும் பக்கவாதம் வரும். கண்ணுக்குப் போகும் நரம்புகளும் அந்த வழிதான், அதனால் இரட்டைப் பார்வை, சிலருக்குப் பார்வையே போய்விடும். இது போதாதென்று ரத்தத்தில் சோடியம் இறங்கி உளறல், வலிப்பு. மந்திரிக்கக் கூட்டிப்போன கதைகள் எல்லாம் இந்த உளறல் கட்டத்தில்தான் நடக்கும்.

சரி, மருந்து சாப்பிடும்போது ஏன் மோசமாகிறது? ஏற்கெனவே படிந்த கசிவு மாத்திரை போட்டதும் கரைந்துவிடாது, அடைப்பு தன் பாட்டுக்கு வளரும். அதோடு, சாகிற கிருமிகளின் மேலும் உடம்பின் எதிர்ப்பு சக்தி பாய்வதால் வீக்கம் கூடலாம், ஸ்கேனில் புதுக் கட்டிகூடத் தெரியலாம். மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போதே இது நடக்கும். இந்த வீக்கத்துக்காகத்தான் கூடவே ஸ்டீராய்டு தருகிறார்கள். வியட்நாமில் 545 பேரை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில், டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தவர்களில் சாவு குறைந்தது, ஆனால் கடுமையான ஊனம் குறைந்ததாகத் தெரியவில்லை. அதனால் ஸ்டீராய்டு போட்டாச்சு என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

தம்பிக்கு நடந்தது நீர் தேங்கியதுதான். தலையிலிருந்து தோலுக்கு அடியில் வயிறு வரை ஒரு மெல்லிய குழாய் வைத்தார்கள், ஷண்ட் என்பார்கள். அதற்குப் பிறகுதான் கண் திறந்து யார் யார் என்று அடையாளம் சொன்னான். கண் நேராவதற்கு இன்னும் பல மாதம் ஆனது.

முதுகில் ஊசி போட்டு மூளைநீர் எடுத்தால் கால் விளங்காமல் போகும் என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த நீரைப் பார்க்காமல் நோயைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். நீரில் கிருமி மிகக் குறைவாக இருப்பதால் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும், மற்ற அறிகுறிகளை வைத்து டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்குவது உண்டு. ஒரு நாள் தாமதமும் இதில் பெரிய நஷ்டம்.

நுரையீரல் டிபிக்கு வழக்கமாக ஆறு மாதம் என்றால் இதற்கு ஒரு வருடம் வரை போகும். மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம், டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாயும் உண்டு, கேட்டு வாங்குங்கள். எத்தம்பியூட்டால் என்ற டிபி மாத்திரை சாப்பிடும்போது சிவப்பும் பச்சையும் குழம்பினாலோ, பார்வை மங்கினாலோ, மற்ற டிபி மாத்திரைகளால் கண் மஞ்சளாகி வாந்தி நிற்காமல் இருந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை அவர் சொல்லட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் மட்டும் பயப்பட வேண்டாம், அது ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்து செய்கிற வேலை.