காத்தா வேறு, உரிமை வேறு

பெங்களூரில் சைட் (வீட்டு மனை) பார்க்கப் போகும் நம்மவர்கள் முதலில் கேட்பது “காத்தா இருக்கா?” என்றுதான். ஊரில் பட்டா கேட்டுப் பழகிய வாய். ஆனால் காத்தா என்பது யாரிடம் சொத்து வரி வாங்குவது என்று மாநகராட்சி எழுதி வைத்திருக்கும் கணக்கு. விதிப்படி அமைந்த சொத்துக்குத் தரும் ஏ காத்தாவே ஆனாலும் அது உரிமைப் பத்திரம் ஆகாது. விதிப்படி அமையாத சொத்துக்கான பி காத்தா என்றால் வங்கிக் கடனும் கட்டட அனுமதியும் இழுபறி. 2024 அக்டோபரிலிருந்து பத்திரம் பதிய இ-காத்தா (மின்னணு காத்தா) கட்டாயம். அது பதிவுக்கான நிபந்தனை, அவ்வளவுதான்.

உரிமையைக் காட்டுவது மூலப் பத்திரம் முதல் இன்றுவரை அறுபடாமல் வரும் பத்திரத் தொடர். அதைச் சரிபார்க்கத்தான் ஈ.சி., அதாவது வில்லங்கச் சான்று. 2004 ஏப்ரலுக்குப் பிந்தையதைக் கர்நாடகப் பதிவுத்துறையின் காவேரி இணையதளத்தில் எடுக்கலாம், அதற்கு முந்தையதற்கு சப் ரிஜிஸ்டிரார் ஆபீஸ். 30 வருஷத்துக்குப் பார்ப்பது நல்லது. பதிவுகள் இருந்தால் படிவம் 15 வரும், ஒன்றுமே இல்லையென்றால் படிவம் 16.

படிவம் 16-ஐப் பார்த்து “வில்லங்கமே இல்லை” என்று பலர் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் ஒரே சைட்டுக்குப் பழைய பத்திரத்தில் சர்வே நம்பர் இருக்கும், அடுத்ததில் பஞ்சாயத்து காத்தா நம்பர், இப்போது மாநகராட்சி நம்பர். புது நம்பரை மட்டும் போட்டுத் தேடினால் பழைய அடமானம் எதுவும் தட்டுப்படாது. சோதிப்பது சுலபம்: விற்பவர் வாங்கிய கிரயப் பத்திரத்தின் எண் அந்த ஈ.சி.யில் இருக்கிறதா? இல்லையென்றால் தேடியதே தப்பு. எல்லா நம்பர்களையும் நான்கு எல்லைகளையும் கொடுத்து மறுபடி எடுங்கள். இன்னொன்று, பதியாத அக்ரிமென்ட், உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு இவையெல்லாம் எந்த ஈ.சி.யிலும் சிக்காமல் போகலாம். அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்கச் சொல்வது அதனால்தான். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால் அசல் ஏதோ வங்கியில் அடமானமாகத் தூங்குகிறது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பவர் பத்திரத்தில் வாங்கிய ரெவின்யூ சைட்டா (மனையாக முறைப்படி மாற்றாத விவசாய நிலமா)? பவரும் விற்பனை அக்ரிமென்ட்டும் உயிலும் சேர்ந்தாலும் உரிமை கைமாறாது என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே கிரயப் பத்திரம் பதிந்துகொள்ளுங்கள். அவர் போய்விட்டால் அத்தனை வாரிசுகளிடமும் அலைய வேண்டும்.

பூர்வீகச் சொத்து என்றால் வம்ச விருட்சம் (குடும்ப உறுப்பினர் பட்டியல்) கேட்டு வாங்குங்கள். அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டு, கட்டிக்கொடுத்த அக்கா தங்கை விடுபட்ட பத்திரங்கள்தான் இங்கே அதிகம் கோர்ட்டுக்குப் போகின்றன. இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்ட 2005-க்கு முன்பே தந்தை இறந்திருந்தாலும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தின் 2020 தீர்ப்பு. அவர்களும் சப் ரிஜிஸ்டிரார் முன் வந்து கையெழுத்துப் போடட்டும். “அவங்களுக்குச் சீர் செஞ்சாச்சு” என்பது விடுதலைப் பத்திரம் ஆகாது.