மூச்சு விடும் இடம்

நாடகத்துக்கென்று நான் மெட்டமைத்த முதல் பாட்டு ‘விடு’ என்ற சொல்லில் முடிந்தது. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் கிளம்பும் பெண், தாயின் கையைப் பிடித்துக்கொண்டு “என்னைப் போக விடு” என்று மன்றாடும் கட்டம். அந்தப் பெண்ணாக நடித்ததும் நான்தான். ‘வி’யை மேல் ஸ்தாயியில் பிடித்து, நான்கு தட்டு நிறுத்தி, ‘டு’வில் இறங்குவேன். ஒத்திகையில் எல்லாருக்கும் பிடித்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அக்கா மட்டும் ஊசியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “ஏம்மா, வீட்டை விட்டுப் போகிற பெண் எதற்கு ‘வீடு, வீடு’ என்று பாடுகிறாள்?”

அவர் காதில் விழுந்தது சரிதான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று தமிழ்ப்பள்ளியில் ஒப்பித்தவள் நான். ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆங்கில, மலாய் இசை நாடகங்களில் கோரஸ் பாடிப் பழகிய தொண்டை அதை மறந்திருந்தது. மலாயில் ‘ஹாத்தி’ என்ற சொல்லின் எந்த அசையை நீட்டினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தமுள்ள அசை தாளத்தின் பலமான தட்டில் விழுந்துவிட்டால் பெரும்பாலும் போதும். தமிழில் மனம் நீண்டால் மானம், படம் நீண்டால் பாடம், கொடு நீண்டால் கோடு. கச்சேரியில் இது அவ்வளவாக உறுத்தாது. கேட்பவர் அந்தக் கீர்த்தனையை நூறு முறை கேட்டிருப்பார். நாடகத்தில் சொல் முதல்முறையாகக் காதில் விழுகிறது, அதுவும் ஒரே முறைதான். அது தவறினால் கதை தவறிப்போகிறது.

அன்றிலிருந்து மெட்டுக்கு முன் வரியை உரக்கப் பேசிப் பார்க்கிறேன். நீண்ட சுரம் வரும் இடத்தில் நெடில் இருக்கிறதா? இல்லையென்றால் நிற்பதற்கு ஒரு மெய்யெழுத்தாவது வேண்டும். ம், ன், ல் போன்றவற்றில் குரலை நிறுத்திக்கொள்ளலாம். ‘மனம்’ என்பதை அந்தக் கடைசி ‘ம்’மில் நீட்டினால் அது மனமாகவே இருக்கும். க், ட், த், ப் ஆகியவற்றில் நிற்க முடியாது, ஒலி அங்கேயே அறுந்துவிடும். ‘விடு’வுக்கு அந்த வழியும் இல்லாததால் சொல்லையே மாற்றினேன். “என்னைப் போக விடு” போய், “போகிறேன் அம்மா” வந்தது. ‘மா’வில் வாய் முழுதாகத் திறக்கிறது. உச்சத்துக்கு இதைவிட நல்ல எழுத்து எனக்குத் தெரியாது. அதோடு, அதுவரை கெஞ்சிக்கொண்டிருந்த பெண் இப்போது சொல்லிவிட்டுப் போகிறவள் ஆனாள். இயக்குநர் என்னை அந்த இடத்தில் மண்டியிட வைத்திருந்தார். மறுநாள் எழுந்து நிற்கச் சொன்னார். முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்த தாய்க்கு, அந்த ‘மா’ முடிவதற்குள் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

நான் கோலாலம்பூரின் செந்தூல்காரி. தாத்தா அங்கே ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். 1945இல் பட்டறைமேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்ட கதையைச் சொல்லும்போது விமானம், சைரன், தகரக் கூரை எல்லாவற்றையும் வாயாலேயே ஒலித்துக் காட்டுவார். அவரிடம் ஓர் ஆர்மோனியம் இருந்தது. குவாட்டர்ஸ் ஆட்கள் திருவிழாவுக்குப் போடும் நாடகங்களில் ஆர்மோனியமும் பின்பாட்டும் அவருடையவை. “நடிகன் மறக்கலாம், ஆர்மோனியக்காரன் மறக்கக் கூடாது” என்பார். கோவிலில் தேவார வகுப்பு, பள்ளியில் தீபாவளி நிகழ்ச்சி, பிறகு நகரத்தில் கோரஸ் என்று என் வழி போயிற்று. 2003 ஜூனில் வெள்ளம் வந்து மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்த நாடக அரங்குகள் மூழ்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து, 2005இல், கோலாலம்பூர் நிகழ்கலை மையம் செந்தூல் மேற்கில், ரயில்வே நிலத்தில் நின்ற பழைய செங்கல் கட்டடத்தில் திறந்தது. தாத்தா இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் நாள் ஒத்திகைக்குப் போனபோது உள்ளே நுழையாமல் அந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

தாத்தா சொன்னதன் பொருள் எனக்குப் பல ஆண்டுகள் கழித்து, ஒரு பெரிய மலாய் இசை நாடகத்தில் கோரஸில் நின்றபோதுதான் புரிந்தது. இசைத்தாளில் சில இடங்களில் இரண்டு தாளக்கட்டுகளைச் சுற்றி ஒரு குறி போட்டு ‘வேம்ப்’ என்று எழுதியிருப்பார்கள். நடிகர் குறிப்பிட்ட வசனத்தைச் சொல்லி முடிக்கும் வரை வாத்தியக்காரர்கள் அதையே திருப்பித் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் முடித்ததும் நடத்துநர் கையை உயர்த்துவார், பாட்டு தொடங்கும். தாத்தா கையசைவே இல்லாமல் இதைச் செய்துகொண்டிருந்தார். ராஜபார்ட்டின், அதாவது நாயகனாக நடிப்பவனின், முகத்தைப் பார்த்துக்கொண்டே அதே பிடியை வாசிப்பார். அவன் மூச்சை இழுப்பது தெரிந்ததும் எடுப்பைத் தருவார். தமிழ் இசை நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திலிருந்து வந்த கைப்பழக்கம் அது.

இன்னொரு கிளையைப் பினாங்கில் கண்டேன். அங்கே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களின் பாணியைப் பார்த்து, பங்சாவான் என்ற மலாய் இசை நாடகம் பிறந்தது. நம் தமிழ் நாடகக் கம்பெனிகளும் அதே பார்சிக் குழுக்களிடம் திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் கற்றவை. நாம் ராஜபார்ட், ஸ்திரீபார்ட் என்பவர்களை அவர்கள் ஓராங் மூடா, ஸ்ரீ பாங்கோங் என்கிறார்கள். காட்சி மாற்றும் நேரத்தில் திரைக்கு முன்னால் வந்து ஆடிப்பாடிச் செல்வதற்கு ‘எக்ஸ்ட்ரா டர்ன்’ என்று பெயர். நம் மேடையில் அந்த வேலை பபூனுடையது. இசை நாடகம் மேற்கிலிருந்து நேற்று வந்த இறக்குமதி என்று என்னிடம் சொல்கிறவர்களுக்கு இதைத்தான் பதிலாகச் சொல்கிறேன், கொஞ்சம் சூடாகவே.

நடிப்பவளாக இருந்திராவிட்டால் எனக்கு இசையமைக்க வந்திருக்காது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. ஒலிவாங்கியையே எடுத்துக்கொள்வோம். அரிசி அளவு இருக்கும் அதை நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் மருத்துவ ஒட்டுநாடாவால் ஒட்டி, கம்பியைக் கூந்தலுக்குள் செலுத்தி, பிடரி வழியாக இறக்கி, இடுப்பில் துணிப்பைக்குள் இருக்கும் பெட்டியில் செருகுவார்கள். தமிழ் நாடகத்தில் அதே தலையில் நெற்றிச்சுட்டியும் மல்லிகைச் சரமும் வரும். திரும்பும்போது சரம் உரசினால் அரங்கு முழுவதும் ‘சரசர’வென்று கேட்கும். கன்னத்துக்கு இறக்கி ஒட்டினால் ஜிமிக்கி இடிக்கும். ஆகவே தலையைச் சட்டென்று திருப்ப வேண்டிய வரிகளில் நான் மெல்லிய சுரம் வைப்பதில்லை. ஆடிக்கொண்டே பாடும் வரிகளைச் சிறிய துண்டுகளாக வெட்டுகிறேன். எட்டு அடவு ஆடிய பிறகு நுரையீரலில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பது ஆடியவளுக்குத்தான் தெரியும்.

எனக்கு மிகுந்த நிறைவு தந்த வேலை ஒரு காதல் பாட்டு. நாயகனுக்கு ஒரு கட்டை சுருதியில் பாட வசதி. எனக்கு அதைவிட உயர்ந்த ஐந்து கட்டை. கச்சேரி என்றால் அவரவர் சுருதியில் அவரவர் பாடிக்கொள்ளலாம். ஒரே பாட்டில் இருவரும் மாறி மாறி வரும்போது, அவர் சுருதியில் நான் பாடினால் குரல் அமுங்கும், என் சுருதியில் அவர் பாடினால் கத்த வேண்டிவரும். மூன்று வாரம் திண்டாடினேன். ஒரு மாலை, தாத்தாவின் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையில் மோகன ராகம் வாசித்துக்கொண்டிருந்தபோது, விரல் பஞ்சமத்தில், ‘ப’வில், வந்து நின்றது. அந்தப் பஞ்சமம்தான் என் ஐந்து கட்டை. அதையே ஷட்ஜமமாக, அதாவது ‘ஸ’வாக, வைத்து அதே ஐந்து சுரங்களை வாசித்தால் சுத்த சாவேரி ராகம் வந்து நிற்கிறது! கிரகபேதம் என்று பாடத்தில் படித்ததுதான். அவர் மோகனத்தில் கேட்கிறார், நான் சுத்த சாவேரியில் பதில் சொல்கிறேன், ஒரு சுரம்கூடப் புதிதாக வரவில்லை. தம்புராவை மட்டும் என் வரிகளுக்கு முன் நிறுத்திவிட்டேன். அது பழைய ஷட்ஜமத்தையே சொல்லிக்கொண்டிருந்தால் காது ஏற்காது. எங்கள் குழுவில் எர்ஹூ என்ற சீன வில் வாத்தியம் வாசித்த சீனத் தம்பி முதல் ஒத்திகையிலேயே தாளைப் பார்க்காமல் கூட வந்தார். அந்த ஐந்து சுரங்களும் அவருக்குச் சிறுவயதிலிருந்தே தெரிந்தவை. கமகம் என்னும் சுர அசைவுதான் அவருக்குப் புதிது. அதை இரண்டு நாள் வாயால் பாடிப் பாடிக் கொடுத்தேன். கடைசியில் அவர் வில்லில் வந்த காந்தாரத்தை நானே பாட விரும்பினேன்.

பணத்தைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், இளையவர்கள் கேட்கிறார்கள். ஒரு தயாரிப்பில் நடிப்புக்கும் இசைக்கும் சேர்த்து ஒரே தொகை தந்தார்கள். கேட்டபோது, “ஒத்திகைக்கு எப்படியும் வருகிறீர்கள்தானே” என்றார்கள். அந்தப் பாட்டுகளை எழுதிய நான்கு மாத இரவுகளுக்கு அந்தப் பதிலில் இடமே இல்லை. அதன் பிறகு இரண்டு வேலைக்கு இரண்டு ஒப்பந்தம் என்பதில் நான் இறங்கி வருவதில்லை. வானொலியில் ஒலிக்கும் பாட்டுக்கு உரிமைத்தொகை வசூலித்துத் தர அமைப்பு இருக்கிறது. கதையின் பகுதியாக மேடையேறும் பாட்டுக்குத் தயாரிப்பாளரிடம் நாமே பேசி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நம் மலேசியாவின் 1987ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, பாட்டை ஆக்கியவர் இறந்த பிறகும் 50 ஆண்டுகள் அதற்கு உரிமை உண்டு. அவ்வளவு நீண்ட சொத்தைத் தேநீர்க் கடையில் கைகுலுக்கிக் கொடுத்துவிடாதீர்கள். மற்றபடி மேடையால் மட்டும் வீட்டு வாடகை கட்டியது என் வாழ்க்கையில் சில மாதங்கள்தான். பாட்டு வகுப்பும் விளம்பர இசையும் திருமண வரவேற்புகளும் மீதியைத் தாங்கின. அவற்றை நான் குறைவாக நினைத்ததில்லை.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எங்கள் மறுமேடையேற்றத்துக்கு மூன்று வாரம் இருந்தது. அரங்குகள் அடைக்கப்பட்டன. இணையத்தில் சேர்ந்து பாடிப் பார்த்தோம்; ஒலி தாமதமாக வந்து சேர்வதால் இரண்டு பேர்கூடத் தாளத்தில் நிற்க முடியவில்லை. அவரவர் அறையில் தனித்தனியாகப் பாடி அனுப்பியதை ஒட்டிச் சேர்த்தேன். சுருதியும் தாளமும் பிசகவில்லை, ஆனால் ஒருவர் மூச்சு இழுப்பதைக் கேட்டு மற்றவர் எடுப்பது என்பது அதில் இல்லை. நான் அந்தப் பதிவை யாருக்கும் அனுப்பவில்லை.

போன ஆண்டு அந்த முதல் நாடகத்தை மீண்டும் எடுத்தோம். இப்போது நான் தாய் வேடம். மகளாக நடித்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவள். “போகிறேன் அம்மா” என்பதை நான் ஒரே மூச்சில் எழுதியிருந்தேன். அந்த வயதில் என்னால் முடிந்தது, ஆகவே எல்லாராலும் முடியும் என்று இத்தனை ஆண்டு விட்டுவைத்திருந்தேன். அவள் ‘போகிறேன்’ என்று பாடிவிட்டு நின்றாள். மேளமும் நின்றது. மூச்சை இழுக்கும் சத்தம் அந்தச் சிறிய ஒலிவாங்கி வழியாக அரங்கு முழுவதும் கேட்டது. திரும்பக் கூடாத இடத்தில் நான் திரும்பிவிட்டேன். பிறகுதான் ‘அம்மா’ வந்தது.

ஒத்திகை முடிந்ததும் “மன்னித்துவிடுங்கள் அக்கா, மூச்சு போதவில்லை” என்று ஓடி வந்தாள். இசைத்தாளில் மூச்சு விடும் இடத்துக்கான குறி ஒரு காற்புள்ளிதான். பென்சிலை வாங்கி, ‘போகிறேன்’ என்ற சொல்லுக்கு மேலே அதைப் போட்டுக் கொடுத்தேன்.