மலைக்குளிருக்கு ஒரு சூடான கைப்பிடி

தண்டையார்பேட்டை வெயிலில், பைக் ஹேண்டில்பாரில் மாட்டும் மின்சாரத்தில் சூடாகும் கைப்பிடிக்கு வேலையில்லை. ஆனால் போன ஜனவரியில் விடியற்காலையில் உதகைக்கு மலையேறியபோது, விரல்கள் மரத்துப்போய்க் கிளட்சை முழுதாகப் பிடிக்க முடியாமல் நான் தவித்த தவிப்பு இன்னும் மறக்கவில்லை.

வாங்குமுன் ஹேண்டில்பாரின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் அது 22 மில்லிமீட்டர். ஆக்சிலரேட்டர் பக்கம் பிளாஸ்டிக் குழாயின் மேல் ஏறுவதால் அந்தக் கைப்பிடியின் துளை சற்றுப் பெரியதாக இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட முடியாது.

வயரிங்கில்தான் பொறுமை வேண்டும். ஜோடி 36 வாட் என்றால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர் இழுக்கும். ஆகவே ஹெட்லைட் வயரில் கொக்கி போடாமல், பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக, சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும்படி அமைத்தோம். இல்லையென்றால் அணைக்க மறந்த ஓரிரவிலேயே பேட்டரி இறங்கிவிடும்.

வலப்பக்க வயரை முதலில் இறுக்கமாகக் கட்டிவிட்டோம். ஹேண்டிலை ஒரு பக்கமாக முழுதும் ஒடித்து ஆக்சிலரேட்டரை முறுக்கிவிட்டதும், அது திரும்பி வராமல் பாதியிலேயே நின்றது. ஓடும் வண்டியில் அப்படி நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால், கேபிள் டையை அறுத்து, வயருக்கு ஒரு வளைவு விட்டுக் கட்டினோம். அதன் பிறகு சட்டென்று திரும்பியது. மாட்டுபவர்கள் இந்தச் சோதனையை இரு பக்கமும் ஒடித்துச் செய்துபார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.