பெர்த்தில் வசந்த நடவு

நர்சரியில் பூத்துக் குலுங்குகிற லாவெண்டர் தொட்டி ஒன்றை இன்று கவிழ்த்துப் பார்த்தால், வேர் தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிச் சுற்றி இறுகிக் கிடக்கிறது.

ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் செப்டம்பரில்தான் வசந்தம், டிசம்பரில் கோடை. செப்டம்பரில் இதை நட்டால், வேர் வெளியே பரவுமுன் டிசம்பர் வெயில் வந்துவிடும்.

பெர்த்தில் மழை குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வறட்சி. லாவெண்டர், ஆஸ்திரேலிய மண்ணின் செடிகளான கிரெவில்லியா, பேங்சியா போன்றவற்றுக்கு ஏப்ரல், மே மாதங்களே நல்ல பருவம். மழையோடு வேர் ஆழம் போகும். இப்போதே வேண்டுமென்றால், பூத்த பெரிய செடியை விட்டுவிட்டு சின்னத் தொட்டியில் உள்ள இளஞ்செடியாக எடுங்கள்.

வசந்தம் காய்கறிக்கு. மண் 16 டிகிரி தாண்டியதும் தக்காளி. கத்திரி, மிளகாய், வெண்டைக்கு 20 டிகிரியாவது வேண்டும். அவசரப்பட்டு ஊன்றிய வெண்டை விதை முளைக்காமல் அழுகும். கொத்தமல்லி இப்போது வேண்டாம், வெயில் ஏற ஏற சீக்கிரமே பூத்துவிடும்.

மண்தான் பெரும்பாடு.

இங்குள்ள மணலில் தண்ணீர் ஊற்றினால் முத்து முத்தாக உருண்டு ஓடும். மேலே நனைந்தது போலிருக்கும். விரலால் கிளறினால் உள்ளே பொடி மண். மணல் துகள்மேல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சுதான் காரணம். பெண்டோனைட் களிமண்ணும் மட்கிய உரமும் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்தால் ஈரம் நிற்கும். மேலே 5 முதல் 7 செ.மீ. மரத்துண்டு மூடாக்கு. தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும்.

பேங்சியா, கிரெவில்லியா பக்கம் பாஸ்பரஸ் அதிகமுள்ள உரம் போகவே கூடாது. இலை மஞ்சளித்துக் கருகிவிடும். கோழி எருவும் அதில் சேர்த்திதான்.