கால் எட்டாத பெஞ்சு

நிலவடிவமைப்பு வேலைக்கு பெங்களூர் வந்து 12 வருஷம் ஆகிறது. நான் வரைந்ததில் இன்னும் உறுத்துவது ஒரு பெஞ்சு.

அல்சூர் பக்கம், சந்துக்குள் ஒரு முக்கோணப் பூங்கா. சாதரஹள்ளி என்கிற சாம்பல் நிற கிரானைட் கல்லில் ஏழு பெஞ்சு, நடைபாதையைப் பார்த்து வரிசையாக வரைந்தேன். உயரம் 45 சென்டிமீட்டர். வழக்கமாகப் போடுவதுதான். ஆனால் தளம் போட்டபோது மட்டம் இறங்கிவிட்டது, அளந்தால் 52. "யாரும் படுத்துடக் கூடாது, நடுவுல ஒரு கம்பி வைங்க" என்று வேலை கொடுத்தவர்கள் கேட்டார்கள். பத்தே நிமிஷத்தில் வரைந்து கொடுத்தேன். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

திறந்து ஒரு மாதம் கழித்து, மதியம் 2 மணிக்குப் போய்ப் பார்த்தேன். மாநகராட்சிப் பூங்காக்கள் காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்று 2024இல் அறிவித்த பிறகு வந்த பூங்கா இது. முன்பெல்லாம் பல இடங்களில் மதியம் பூட்டுத்தான், சரியாக உடம்பு அசரும் நேரத்தில்.

ஏழு பெஞ்சும் காலி. புங்கமரத்தைச் சுற்றி வேருக்கு அணைவாகக் கட்டியிருந்த திட்டில் மட்டும் இடமில்லை. இரண்டு ஆட்டோக்காரர்கள், மூட்டையோடு ஒரு பெரியவர், பூக்கட்டும் ஒரு அக்கா.

"அங்க பெஞ்சு இருக்கேக்கா, இங்க ஏன் நெருக்கியடிச்சு?"

"அதுல உக்காந்தா காலு தரையில எட்டல தம்பி. கல்லு வேற சுடுது. யாரு போட்டாங்களோ!"

நான்தான் என்று சொல்லவில்லை.

திட்டு என் வரைபடத்தில் உட்காரும் இடமாகவே இல்லை. வட்டமாக இருப்பதால் தெரியாதவர்கள் முகம் பார்க்காமல் உட்காரலாம். தெரிந்தவர் வந்தால் எதிரே குத்தவைத்துப் பேசலாம். என் வரிசை பெஞ்சில் பேச வேண்டுமென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். இந்த மாதிரி மரத்தடித் திட்டைக் கன்னடத்தில் அரளிக்கட்டெ என்பார்கள்; நம் ஊர் அரசமரத்து மேடைதான். ஊரில் அதில் படுத்து வளர்ந்தவன் நான். இங்கே லால்பாக் தாவரவியல் பூங்காவில் 300 கோடி வருஷத்துப் பாறை ஒன்று இருக்கிறது. சாயங்காலமானால் அதன் சரிவில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து கடலை கொறிக்கிறார்கள். அங்கே யாரும் பெஞ்சு கேட்பதில்லை.

அலைந்து கேட்டு, இரண்டு பெஞ்சை மட்டும் மரத்தடிக்கு மாற்ற அனுமதி வாங்கினேன். பள்ளம் தோண்டி இறக்கி, ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி மூலைவாட்டில் போட்டோம். கம்பியை எடுக்க மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை.

போன வாரம் அந்த வழியாகப் போனேன். அந்த அக்கா பெஞ்சுக்கு வந்திருந்தார். கம்பியில் பூப்பை தொங்கியது. கம்பிக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம் ஒருவர் முழங்காலை மடக்கிச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.